கிறிஸ்மஸ் கிடாய்க்குத் தீபாவளிக்கு முன்பே சொல்லுங்கள்

கிறிஸ்மஸுக்கு எங்கள் கொட்டகையிலிருந்து போகும் கிடாய், பெரும்பாலும் போன கிறிஸ்மஸை ஒட்டிப் பிறந்ததாக இருக்கும். ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கறிக்குத் தேற மேலும் பத்துப் பன்னிரண்டு மாதம். அதாவது இந்த டிசம்பருக்கான கணக்கைப் போன வருடம் ஜூலையிலேயே போட்டிருக்க வேண்டும். மலாக்காவில் ஜாசின் பக்கம் தோட்டத்து ஓரமாக ஆடு வளர்க்கும் எனக்கு இந்தக் கணக்குதான் பிழைப்பு.

கோழிக்காரர்களுக்கு இவ்வளவு நீளம் இல்லை. முட்டை பொரிய 21 நாள், பிராய்லர் குஞ்சு தேற ஐந்தாறு வாரம். அக்டோபர் கடைசியில் அடைவைத்த முட்டை கிறிஸ்மஸுக்குக் கோழியாகிவிடும். ஆனால் இங்கிலாந்தில் கிறிஸ்மஸுக்கு வான்கோழி வளர்ப்பவர்கள் கோடையிலேயே குஞ்சு இறக்குகிறார்கள்.

எங்களுக்குப் பெரிய சோதனை தீபாவளிதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுப்பவர்கள் நல்ல கிடாயாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். மிஞ்சியதைத் தீபாவளிக்குக் கேட்பார்கள்; விலையும் நன்றாக இருக்கும். காசு கைக்கு வருகிற நேரத்தில், "இது விற்பனைக்கு இல்லை" என்று சில கிடாய்களை ஒதுக்கி நிறுத்த மனத்தில் தெம்பு வேண்டும்.

ஒதுக்கியவற்றுக்கு நவம்பர் மழையில் பக்குவம் அதிகம். காலை ஈரத்தில் குடற்புழுவின் இளம்புழுக்கள் புல் நுனிவரை ஏறியிருக்கும். அதனால் வெயில் ஏறாமல் மேய விடுவதில்லை. அடிக்கடி ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்ப்பேன். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் நிம்மதி. வெளுத்திருந்தால் வயிற்றில் புழு இரத்தம் குடிக்கிறது. மருந்து கொடுத்த ஆட்டை உடனே வெட்டவும் கூடாது; புட்டியில் குறித்திருக்கும் நாள் கழிய வேண்டும். டிசம்பர் நடுவில் இமை வெளுத்தால் அந்தக் கிடாய் கிறிஸ்மஸ் கணக்கில் இல்லை.

தீவனத்துக்கு நேப்பியர் புல், செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு, மரவள்ளி இலை. இலையில் நஞ்சு உண்டு. வாட வைத்தால் குறையும். புண்ணாக்கில் செம்புச் சத்து இருப்பதால் செம்மறிக்கு அதிகம் ஆகாது, வெள்ளாடு தாங்கிக்கொள்ளும்.

தமிழ்க் கிறிஸ்துவக் குடும்பங்கள் மூன்று நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாயைக் கூறு போட்டுக்கொள்வார்கள். 35 கிலோ கிடாயில் பதினாறு கிலோ அளவுக்குத்தான் கறி நிற்கும். உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் வழக்கம் வேறு. விருந்தில் மிஞ்சிய இறைச்சியைக் காய்ந்த மிளகாய், கடுகு, வினிகர் சேர்த்து மறுநாள் 'கறி டெபால்' ஆக்குவார்கள்.

டிசம்பர் இருபதுக்கு மேல்தான் போன் அடிக்கும். "அக்கா, ஒரு கிடாய் இருக்கா? சின்னதா இருந்தாலும் பரவாயில்ல." குட்டியை வெட்டினால் அடுத்த பெருநாளுக்கு என் கொட்டகை காலி. பிறகு கடையில் கிடைக்கும் ஆஸ்திரேலிய உறைகறிதான் கதி. நாம் தின்னும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி இப்படி வெளியிலிருந்து வருவதுதான்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னே நகரும்; தீபாவளியும் அக்டோபர், நவம்பர் என்று மாறும். கிறிஸ்மஸ் தேதி மாறுவதே இல்லை. ஆகவே ஊர்க் கிடாய்தான் வேண்டும் என்றால் தீபாவளிக்கு முன்பே வந்து ஆட்டைப் பார்த்து, கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பணம் தீவனத்துக்கு ஆகும். தீபாவளிக்குக் கேட்டு வருகிறவர்களிடமும் நாங்கள் தைரியமாக இல்லை என்று சொல்ல முடியும்.