ஆனாலா? ஆகவேயா?

பயிற்சித் தாளில் ஒரு கேள்வி இருந்தது.

மழை பெய்யவில்லை. ________ கிணறு வற்றிவிட்டது.

கீழே நான்கு சொற்கள்: ஆனால், ஆகவே, ஏனெனில், அல்லது. பொருந்தும் சொல்லைக் கோட்டில் எழுத வேண்டும்.

பீடி சுற்றும் அம்மா ஒருவர் 'ஏனெனில்' என்று எழுதினார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதை எழுதாதே. வாயால சொல்லு."

"மழை பேயல. அதனால கிணறு வத்திப் போச்சு."

"அந்த 'அதனால' தாம்மா 'ஆகவே'."

அம்மா ரப்பரால் அழித்துவிட்டு மாற்றி எழுதினார்.

அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. மழைக்கும் கிணற்றுக்கும் உள்ள தொடர்பு அவருக்கு நன்றாகவே தெரியும். காரணம் என்றதும் 'ஏனெனில்' நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டார். எது முன்னே, எது பின்னே என்று பார்க்கவில்லை.

காரணம் முதலில் வந்தால் நடுவில் 'ஆகவே' வரும். காரணம் இரண்டாவதாக வந்தால் 'ஏனெனில்' வரும். வாக்கியங்களை இடம் மாற்றினால் இது விளங்கும்.

கிணறு வற்றிவிட்டது. ஏனெனில் மழை பெய்யவில்லை.

இப்போது அந்த அம்மா எழுதிய சொல்லே சரியாகிவிட்டது!

இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் இந்தச் சொற்களுக்கு இணைப்புச் சொற்கள் என்று பெயர். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். படிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50. அதோடு நிற்காமல் மேலே படிக்கலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்குச் சமமான படிப்புகள் பெரியவர்களுக்கும் உண்டு. மேலே போகப் போக வாக்கியம் நீளும். இணைப்புச் சொற்களும் கூடும்.

பலர் இந்தக் கேள்வியில் ஏன் தவறுகிறார்கள்? கோட்டைப் பார்த்ததும் கீழே உள்ள சொற்களுக்குப் போய்விடுகிறார்கள். எந்தச் சொல் பெரியதாக, அழகாக இருக்கிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள். முதலில் அந்தச் சொற்களைக் கையால் மூடிக்கொள்வது நல்லது. இரண்டு வாக்கியங்களையும் படித்து, வீட்டில் பேசுவது போலச் சொல்லிப் பார்க்க வேண்டும். பேச்சில் 'ஏன்னா' வந்தால் அது 'ஏனெனில்'. 'அதனால' வந்தால் 'ஆகவே', 'எனவே', 'ஆகையால்' மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். விடைகளில் 'எனவே', 'ஆகையால்' இரண்டும் இருந்தால் பெரும்பாலும் இரண்டுமே விடை அல்ல. ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களில் ஒன்று மட்டும் எப்படிச் சரியாகும்?

'ஆனால்', 'இருப்பினும்' இரண்டும் கொஞ்சம் குழப்பும். அண்ணன் உயரம், ஆனால் தம்பி குள்ளம். இங்கே 'இருப்பினும்' பொருந்தாது. 'இருப்பினும்' என்றால் 'அப்படி இருந்தும்' என்று பொருள். முன்னே ஒரு தடை இருக்க வேண்டும். காய்ச்சல் அடித்தது, இருப்பினும் வேலைக்குப் போனார் என்பது சரி.

இன்னொரு கேள்வியைப் பாருங்கள்.

அவர் படிக்காதவர். ________ அறிவுள்ளவர்.

தேர்வில் இதற்கு 'ஆனால்' என்று எழுதினால்தான் மதிப்பெண். அதையே எழுத வேண்டும். இருந்தாலும் அந்தச் சொல் என்ன சொல்கிறது? படிக்காதவருக்கு அறிவு இருக்காது என்று முதலில் நினைத்துக்கொண்டு, இவரிடம் அது இருக்கிறதே என்று வியக்கிறது. விதை எப்போது விதைப்பது, மாட்டுக்கு என்ன நோய் என்று அறிந்தவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாமலே வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த 'ஆனால்' வலிக்கும். கேள்வி தயாரிப்பவர்கள் வேறு வாக்கியம் தேடலாம்.

தேர்வுக்கு வெளியேயும் இந்தச் சொற்கள் வேலை செய்கின்றன. அலுவலகப் பலகையில் 'குடும்ப அட்டை அல்லது மின் கட்டண ரசீது' என்று இருந்தால் ஒன்று போதும். 'குடும்ப அட்டை மற்றும் மின் கட்டண ரசீது' என்று இருந்தால் இரண்டும் வேண்டும். இதைக் கவனிக்காமல் போனால் ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் வீண்.

கீழே உள்ளவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள். சொற்கள்: ஏனெனில், ஆகவே, இருப்பினும்.

1. பேருந்து வரவில்லை. ________ சந்தைக்கு நடந்தே போனார்கள்.

2. பையனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ________ அவனுக்கு அம்மை போட்டிருக்கிறது.

3. கால் வலித்தது. ________ நாற்று நட்டு முடித்தார்.