அவசரச் சரக்கும் அதன் உண்மைச் செலவும்

"சரக்கு உடனே வேண்டும், இன்றைக்கே ஏற்றிவிடுங்கள்." நம் கடைகளிலும் மண்டிகளிலும் இந்தப் பேச்சு நாளுக்கு எத்தனை முறை எழுகிறது என்பதை வணிகப் பெருமக்கள் அறிவார்கள். நிமிடக் கணக்கில் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுவரும் நிறுவனங்கள் பெருகிய பின்பு, அந்த அவசரம் நம்மையும் பற்றிக்கொண்டது. அவசரத்துக்காக நாம் கொடுக்கும் கூடுதல் வாடகை பில்லில் தெரிகிறது. ஆனால் அதற்காக எரியும் டீசலின் புகையை நாள் முழுவதும் சுவாசிப்பவர்கள் நம் சுமை தூக்கும் தொழிலாளர்களும், கடை ஊழியர்களும், நாமும்தான். அந்தச் செலவு எந்தப் பில்லிலும் வருவதில்லை. இவ்விரண்டு செலவையும் ஒருசேரக் குறைக்க முடியும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மொத்தச் சந்தையிலிருந்து 20 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். தீர்ந்துபோன பொருளுக்காக அவ்வப்போது வண்டி அனுப்புவதால் வாரம் நான்கு நடை ஆகிறது. போக வர 40 கி.மீ. வீதம் 160 கி.மீ. ஓட்டம். சிறிய சரக்கு வண்டி லிட்டருக்கு 16 கி.மீ. கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 10 லிட்டர் டீசல் தேவை.

இதையே இரண்டு நடையாகக் குறைத்தால் வாரத்துக்கு 5 லிட்டர், ஆண்டுக்கு 260 லிட்டர் மிச்சம். கரியமில வாயுவில் ஏறக்குறைய 700 கிலோ குறைகிறது. கடைக்கு வரும் சரக்கிலோ ஒரு மூட்டைகூடக் குறைவதில்லை. பத்துக் கடைகள் சேர்ந்து இப்படிச் செய்தால் ஆண்டுக்கு 2,600 லிட்டர் டீசலும், ஏழு டன் அளவுக்குக் கரியமில வாயுவும் மிச்சமாகும்.

பாதி லோடு ஏற்றிய வண்டிக்குப் பாதி டீசல் போதும் என்று நினைப்பது தவறு. வண்டி தன் சொந்த எடையையும் இழுத்துச் செல்ல வேண்டும். காலியாகத் திரும்பும் லாரிக்கும் டீசல் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவு நம் வாடகையில்தான் வந்து சேருகிறது.

வேகத்தில் கிடைப்பது என்ன?

300 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்றால் ஐந்து மணி நேரம், 80 கி.மீ. வேகத்தில் சென்றால் மூன்றே முக்கால் மணி நேரம். ஆனால் இந்த வேகத்தில் லாரியை எதிர்க்கும் காற்றின் விசை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. டீசல் கூடுகிறது, டயர் தேய்கிறது, ஓட்டுநரின் உயிருக்கும் ஆபத்து கூடுகிறது. இவ்வளவும் செய்து மிச்சப்படுத்திய ஒன்றேகால் மணி நேரத்தை, விடியற்காலையில் பூட்டிய கடை வாசலில் லாரி நின்றே கழிக்கிறது. எஞ்சினை அணைக்காமல் நின்றால் அங்கும் டீசல் வீண்.

2021 ஜனவரி முதல் சாதாரணச் சரக்குக்கு ஈ-வே பில் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகிறது. சட்டம் கொடுக்கும் அவகாசத்தை நாம் ஏன் ஓட்டுநருக்குக் கொடுக்கக் கூடாது?

எது உண்மையான அவசரம்?

பால், பூ, கீரை, காய்கறி, உயிர் காக்கும் மருந்து ஆகியவை காத்திருக்க முடியாதவை. பருப்பு, எண்ணெய், சோப்பு, துணி, பாத்திரம் ஆகியவை அப்படியல்ல. இருப்பைப் பார்த்து மூன்று நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் அவை அவசரச் சரக்காகவே ஆகியிருக்காது.

"முதலும் இல்லை, மூட்டை அடுக்க இடமும் இல்லை, அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம்" என்று சிறு வணிகர்கள் சொல்வது நியாயமே. அவர்களை அதிகச் சரக்கு வாங்கி அடுக்கச் சொல்வது தீர்வாகாது. ஒரே தெருவில் உள்ள நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் எடுப்பதுதான் வழி. கடைக்கு இரண்டு மூட்டை ஆனாலும் வண்டி நிறைந்து வரும், வாடகையும் பங்காகும்.

மொத்த வியாபாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. திங்கள் ஒரு பகுதி, செவ்வாய் ஒரு பகுதி என்று டெலிவரிக்கு நாள் குறித்துவிட்டால் சில்லறைக் கடைக்காரரும் அதற்கேற்ப ஆர்டர் கொடுப்பார். முன்கூட்டி ஆர்டர் கொடுப்பவருக்கு, மிச்சமாகும் வாடகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகத் தரலாம்.

ரயிலை மறக்க வேண்டாம்

தொலைதூரச் சரக்குக்கு ரயில் பார்சலை நாம் அதிகம் நினைப்பதில்லை. பயணிகள் ரயிலில் இணைக்கப்படும் உயர் கொள்ளளவு பார்சல் பெட்டி ஒன்று 23 டன் ஏற்றும். ஒரு டன் சரக்கை ஒரு கி.மீ. கொண்டுசெல்ல லாரிக்குத் தேவைப்படும் எரிசக்தியில் ஒரு பகுதியே ரயிலுக்குப் போதும். ஏற்றி இறக்கும் கூலியும், நிலையத்திலிருந்து கடைக்கு வரும் வாடகையும் கூடுதல் என்பது உண்மைதான். ஆகவே தனிக் கடைக்கு இது கட்டுபடியாகாது. பலர் சேர்ந்து பெட்டியை நிரப்பினால் கட்டுபடியாகும்.

விமானமே அவசரத்தின் உச்சம். ஒரு டன் சரக்குக்கு அது வெளியிடும் கரியமில வாயு லாரியைப் போலப் பல மடங்கு. கப்பலைப் போலப் பல பத்து மடங்கு. பின்னலாடை ஏற்றுமதியில், எங்கோ ஓரிடத்தில் வேலை தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும்படி ஆகிறது. அதில் லாபமே கரைந்துவிடக்கூடும். தாமதம் எங்கே தொடங்கியதோ அங்கேயே சரிசெய்வதுதான் மலிவு.

ஒரு மாதம் எழுதிப் பார்ப்போம்

நகருக்குள் குறுகிய தூர டெலிவரிக்கு, சுமார் அரை டன் ஏற்றும் மின்சார மூன்று சக்கர வண்டிகள் வந்துவிட்டன. நம் கடைத்தெருவிலாவது புகை குறையும். ஆயினும் புது வண்டி வாங்கும் முன் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நடையையும் எழுதுவோம்: எந்த நாள், என்ன சரக்கு, வண்டி எவ்வளவு நிறைந்தது, வாடகை எவ்வளவு, உண்மையிலேயே அவசரமா. மாதக் கடைசியில் தெருவாரியாக உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்ப்போம். எந்த நடைகளைச் சேர்க்கலாம் என்பது அப்போது தெரிந்துவிடும்.

வாடிக்கையாளரின் அவசரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியவர்கள்தான் நாம். கடையில் பொருள் எப்போதும் இருந்தால் அதற்கு ஈடு கொடுத்ததாகிறது. லாரியை விரட்டுவதால் அல்ல. அடுத்த கூட்டத்துக்கு உறுப்பினர்கள் அந்த நோட்டுப் புத்தகத்துடன் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.