நேர்முகமும் ஒளிபரப்பும்

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் பொருட்டு ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, ஆராதனை கைபேசி வழியாக இல்லங்களுக்குச் சென்றது. கதவுகள் திறந்த பின்னரும் பல சபைகளில் அவ்வொளிபரப்பு தொடர்கின்றது. "வீட்டிலிருந்தே கேட்கின்றோமே, ஆலயத்திற்கு வருவானேன்?" என வினவும் சபையாருக்கு ஆயர் கூறத்தக்க விடை யாது? தஞ்சைத் தரணியின் இரு கலைமரபுகள் இவ்வினாவிற்கு ஒளி தருகின்றன.

முதலாவது, திருவையாற்றில் நிகழும் ஆராதனை. தியாகராசர் (1767–1847) மறைந்த திதியில், ஆண்டுதோறும் காவிரிக்கரையிலுள்ள அவரது சமாதியின் முன் இசைவாணர் கூடிப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் ஒருமித்துப் பாடுகின்றனர். வானொலியும் தொலைக்காட்சியும் அதனை நாடெங்கும் பரப்பி வந்துள்ளன. இசையின் தெளிவை மட்டும் வேண்டுவோர்க்கு ஒலிப்பதிவுகளும் உள. அங்ஙனமிருந்தும் மக்கள் அங்குத் திரளுகின்றனர். ஏனெனில், அது கேட்போரை மகிழ்விக்க நிகழும் கச்சேரியன்று. கூடினோர் செலுத்தும் அஞ்சலியாகும். பிறர் அஞ்சலி செலுத்துவதை நாம் தொலைவிலிருந்து காணலாம், காண்பது செலுத்துவதாகாது.

இரண்டாவது, வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800-இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி நாடகத்தில் குறத்தி, தலைவியின் கையைப் பற்றி நோக்கியே குறி சொல்லுவாள். சாஸ்திரியார் அக்குறத்தியை விசுவாசமாக உருவகித்தார். விசுவாசம் கேள்வியினால் வரும் என்பது அப்போஸ்தலனின் போதனை. சாஸ்திரியாரின் அரங்கிலோ அது அருகே வந்து கைப்பற்றியும் பேசுகின்றது. வார்த்தை மாம்சமானதை அறிக்கையிடும் திருச்சபைக்கு இவ்வுருவகம் மிகப் பொருத்தமானது.

அவ்வாறாயின் ஒளிபரப்பைத் தள்ளிவிடலாமோ? நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் அது பெரும் ஆறுதல். இங்கு யோவானின் இரண்டாம் நிருபம் நமக்கு வழிகாட்டுகின்றது. காகிதமும் மையும் போதா எனக் கருதும் மூப்பர், நேரில் வந்து பேசுகையிலேயே மகிழ்ச்சி நிறைவுறும் என்கிறார் (வச. 12). ஆயினும் அவர் நிருபம் எழுதாமல் விடவில்லை. நிருபம் வருகைக்கு முன்னோடி, வருகைக்கு ஈடன்று.

ஒளிபரப்பும் நமக்கு அத்தகைய நிருபமே. நடக்க வல்லோரை அது ஆலயத்திற்கு அழைத்து வருதல் வேண்டும். நடக்க இயலாதோரின் இல்லத்திற்கு ஆயரை அழைத்துச் செல்லுதல் வேண்டும். 2020 முதல் கைபேசித் திரையில் மட்டுமே திருவிருந்தைக் கண்டுவரும் முதியவர் நம் சபையில் எவரேனும் உளரோ? அவரது கையைப் பற்றி அப்பத்தை அளிக்கும் பணியை எக்கருவியிடமும் நாம் ஒப்படைத்துவிட இயலாது.