பதிவேட்டை எழுதுபவரே வாசிக்கட்டும்

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை வடக்கை வெள்ளத்தில் ஆழ்த்தியது. டிசெம்பர் இரண்டாம் வாரத்துக்குள் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வைத்தியசாலைக்கு வந்தவர்களில் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் அது இன்ன காய்ச்சல் என்று தெரியவில்லை. பரிசோதனைகளுக்குப் பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. வயலிலும் வெள்ளநீரிலும் இறங்கி வேலை செய்தவர்களுக்குத் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் கொடுக்கப்பட்டது.

எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் பிடிக்கும். நோயாளிக்குக் காய்ச்சல் தொடங்கிய திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அவர் எந்தத் தண்ணீரில், எந்த வாரத்தில் இறங்கினார் என்பது பிடிபடும். அதே நாட்களில் அதே தண்ணீரில் நின்ற மற்றவர்கள் யார் என்ற அடுத்த கேள்வியில்தான் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. தொற்றுநோயியல் என்ற படிப்பின் உயிர்நாடி இதுதான். நுண்நோக்கியும் ஆய்வுகூடமும் அதற்குப் பிறகு வருபவை.

இலங்கையில் இந்தத் துறையில் நிபுணராவதற்கு மருத்துவப் படிப்பு முடித்து, கொழும்பு பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவம் பல வருடங்கள் படிக்க வேண்டும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் வன்னியில் ஒரு நோய் பரவத் தொடங்கும்போது அந்த வீட்டுப் படலையை முதலில் திறப்பவர் நிபுணர் அல்ல. பி.எச்.ஐ. என்று ஊர் அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குடும்ப நல உத்தியோகத்தரும்தான். இந்தத் துறையில் சில மாதக் குறுகிய பயிற்சி யாருக்காவது அவசரமாகத் தேவையென்றால் அது இவர்களுக்குத்தான்.

இவர்கள் கையிலிருக்கும் ஏற்பாடு சாதாரணமானதல்ல. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகம் எழுந்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் 544ஆம் இலக்கச் சுகாதாரப் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். பி.எச்.ஐ. வீட்டுக்குப் போய் விசாரித்து 411ஆம் இலக்கப் படிவத்தை நிரப்புவார். வெள்ளிக்கிழமையோடு முடியும் வாரத்தின் கணக்கு 399ஆம் இலக்கப் படிவமாகக் கொழும்புக்குப் போகும். 1959இல் தொடங்கிய தொற்றுநோயியல் பிரிவு அவற்றைத் தொகுத்து வாராந்த அறிக்கையாக வெளியிடுகிறது. டெங்கு, வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், செங்கண்மாரி எனப் பல நோய்களுக்கும் அதில் நிரல்கள் உண்டு. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் தனித்தனி வரிகள். எந்த மாவட்டம் கணக்கை நேரத்துக்கு அனுப்பியது, எது முழுமையாக அனுப்பியது என்பதற்குக்கூட இரண்டு நிரல்கள் இருக்கின்றன.

தகவல் இப்படி மேலே போகிறது. அதை எழுதியவரே அடுத்த திங்கட்கிழமை காலை தன் பகுதியின் எண்களை விரித்துவைத்து, கடந்த ஐந்து வருடங்களின் இதே வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வளரவேண்டும். ஒரு நல்ல குறுகிய பயிற்சி தரக்கூடிய மிகப் பெரிய பயன் அது என்று நான் நம்புகிறேன்.

ஒப்பிடுவது என்பது எண்களை அருகருகே வைப்பதல்ல. கொழும்பு மாவட்டத்தில் 20 எலிக்காய்ச்சல் நோயாளர், கிளிநொச்சியிலும் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 23 இலட்சம். கிளிநொச்சியில் 1 இலட்சத்து 13 ஆயிரம். ஆக, கொழும்பில் இலட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை, கிளிநொச்சியில் இலட்சத்துக்குப் பதினேழு பேருக்கு மேல். ஒரே இருபதுதான், ஆனால் கிளிநொச்சியில் அபாயம் இருபது மடங்கு. 92 ஆயிரம் பேர் வாழ்ந்த முல்லைத்தீவில் அது இன்னும் கூடும்.

வன்னியில் இந்தப் பகுக்கும் எண்ணே நெடுங்காலம் இருக்கவில்லை. 1981க்குப் பிறகு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் முழுமையாக எண்ணப்பட்டது 2012இல்தான். 2001 கணக்கெடுப்பு நாட்டின் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. அந்த முப்பது வருடங்களில் போரினால் ஊர்கள் காலியாகி, நிரம்பி, மறுபடி காலியாகின. ஒரு கிராமத்தில் பத்துப் பேருக்கு நோய் என்றால், பத்து நூறிலா ஆயிரத்திலா என்று சொல்ல யாருமில்லை. மீள்குடியேறிய பிரதேசத்தில் வேலை செய்யும் பி.எச்.ஐ.க்கு, கிராம சேவகரின் குடும்பப் பட்டியலும் குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேடும் எவ்வளவு பெறுமதியானவை என்பதை எந்த வெளிநாட்டுப் பாடநூலும் கற்றுத்தராது. அதை இந்த மண்ணிலிருந்துதான் கற்பிக்க முடியும்.

வெளிநாட்டுப் பாடநூல்கள் 1854இன் லண்டனில், ஜோன் ஸ்நோ ஆராய்ந்த கொலராவோடு தொடங்குவது வழக்கம். நல்ல பாடம்தான். ஆனால் வவுனியாவில் நடக்கும் வகுப்பு செட்டிகுளத்திலிருந்து தொடங்க வேண்டும். 2009இல் அங்கிருந்த மெனிக் பாம் முகாம்களில், போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைபட்டிருந்தார்கள். கொப்பளிப்பான் பரவியது. ஏ வகை ஈரல் அழற்சியால் வரும் செங்கண்மாரியும் பரவியது. இந்த நோய் வெளிப்பட 15 முதல் 50 நாட்கள், சராசரியாக நான்கு வாரம் ஆகும். இன்று கண் மஞ்சளாகி வருபவர் அசுத்த நீரைக் குடித்தது ஒரு மாதத்துக்கு முன். அப்போது அவர் எந்த வலயத்தில், எந்தக் குழாயடியில் இருந்தார்? முகாமுக்கு வருவதற்கு முன்பே தொற்றியிருக்குமா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர் ஒவ்வொரு வலயத்திலும் இருப்பதும் இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கே கிடைத்த அனுபவம் அதில் வேலை செய்த வைத்தியர்கள், தாதியர், தொண்டர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. அது பாடமாக எழுதப்பட வேண்டும்.

வெற்றியின் பாடமும் நம்மிடம் உண்டு. 1999இல் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா வந்தது. அதில் பெரும் பங்கு வடக்கு, கிழக்கினுடையது. போர் நடந்த காலத்திலேயே மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் ஊழியர்கள் இரத்தப் பூச்சு எடுத்தார்கள், மருந்து தெளித்தார்கள், நுளம்புவலை கொடுத்தார்கள். நாட்டுக்குள் தொற்றிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனொபிலீஸ் ஸ்டீபென்சை என்ற நுளம்பு அயல் மாவட்டமான மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஒருவரைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வாசித்தால் விளங்கும்.

குறுகிய பயிற்சிக்கு உலகில் முன்மாதிரி இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய நோய்ப் புலனாய்வுச் சேவையை ஒட்டிப் பல நாடுகளில் இரண்டு வருடக் களப் பயிற்சிகள் உருவாகின. சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001இலிருந்து அப்படியான படிப்பை நடத்துகிறது. மேற்கு ஆபிரிக்காவை எபோலா உலுக்கிய பின், இரண்டு வருடம் காத்திருக்க முடியாது என்று தெரிந்தது. 2015இலிருந்து அடிமட்ட ஊழியருக்கான மூன்று மாதப் பயிற்சி பல நாடுகளுக்கும் பரவியது. அதில் வகுப்பறை சில வாரங்கள்தான். மீதி நாட்களில் ஊழியர் தன் பணியிடத்திலேயே நின்று தன் பதிவேட்டின் குறைகளைத் தேடுவார், ஒரு நோய்ப்பரவலை விசாரிப்பார், அறிக்கை எழுதுவார்.

அந்த விசாரணையில் மிகவும் தவறவிடப்படுவது நோயில்லாதவர். ஒரு கோயில் அன்னதானத்தில் 200 பேர் சாப்பிட்டு, 60 பேருக்கு வயிற்றோட்டம் என்று கணக்குக்காக வைப்போம். நோயுற்ற 60 பேரும் சோறு சாப்பிட்டவர்கள். 54 பேர் மோரும் குடித்தவர்கள். இதோடு நிறுத்தினால் பழி சோற்றில் விழும். சுகமாக இருக்கும் 140 பேரிடமும் கேட்டால், அவர்களும் எல்லோரும் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். மோர் குடித்தவர்கள் 66 பேர் மட்டும். இப்போது கணக்குத் திரும்புகிறது. மோர் குடித்த 120 பேரில் 54 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 45 பேருக்கு நோய். குடிக்காத 80 பேரில் 6 பேருக்கு, நூற்றுக்கு 7.5 மட்டும். ஆறு மடங்கு வித்தியாசம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு இது. வவுனியாவின் விவசாயக் கிராமங்களை வாட்டும், காரணம் தெளிவுபடாத சிறுநீரக நோயை ஆராய்பவர்களும் இதே ஒப்பீட்டைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள்: நோயாளியின் கிணற்றை மட்டுமல்ல, நோயில்லாத அயலவரின் கிணற்றையும் பார்க்கிறார்கள்.

மூன்று மாதம் யாரையும் நிபுணராக்காது. இணையத்தில் காணொளி பார்த்துச் சான்றிதழ் வாங்கும் படிப்புகள் பல உள்ளன. அடிப்படையை அறிய அவை உதவும். ஆனால் ஒரு வீட்டுக்கும் போகாமல், ஒரு பட்டியலும் போடாமல் முடிகிற படிப்பைக் களப் பயிற்சி என்று நான் ஏற்க மாட்டேன். சேர விரும்புகிறவர்கள், சொந்தத் தரவில் வேலை செய்ய விடுவார்களா, முடிவில் தன் பகுதியைப் பற்றி அறிக்கை எழுத வைப்பார்களா என்று முதலில் விசாரியுங்கள். அத்தோடு இந்தத் துறையின் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பகல் முழுக்க வெயிலில் மோட்டார் சைக்கிளில் திரிந்துவிட்டு வருபவரை, மாலையில் மொழியோடும் மல்லுக்கட்ட வைப்பது நியாயமில்லை.

ஆசிரியர்களும் இடமும் நம்மிடமே உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இலிருந்து இயங்குகிறது. வவுனியாவுக்கு 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் வகுப்பறைகள் உள்ளன. பிராந்திய சுகாதாரப் பணிமனைகள் ஒவ்வொன்றிலும் தொற்றுநோயியலுக்குப் பொறுப்பான வைத்தியர் இருக்கிறார். மாகாண சுகாதார அமைச்சு இவர்களைச் சேர்த்து, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களின் பி.எச்.ஐ.களுக்கும் குடும்ப நல உத்தியோகத்தர்களுக்கும் வைத்தியசாலைத் தாதியருக்கும் தமிழில் ஒரு மூன்று மாதப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். கால்நடை வைத்தியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சலில் மாட்டுக்கும் பங்குண்டு. காலபோக விதைப்புக்கும் மாரி மழைக்கும் முன்னர் முதல் அணி பயிற்சி முடித்து வெளியே வரும்படி திகதியைக் குறியுங்கள்.