டல்லடேகா: அடிமைகள் கட்டிய கட்டடத்தில் ஒரு கல்லூரி

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் மிகப் பழமையான தனியார் கறுப்பினக் கல்லூரி, டல்லடேகா கல்லூரி. அது இருக்கும் டல்லடேகா, பர்மிங்ஹாம் நகருக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூர். கார் பந்தய ரசிகர்களுக்கு ஊர்ப்பெயர் அங்குள்ள பந்தயத் தடத்தால் பழக்கம். கல்லூரியோ தடத்தைவிட நூறாண்டு மூத்தது.

1964-க்கு முன்னர், கறுப்பின மக்களின் கல்விக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரிகளை அமெரிக்கச் சட்டம் தனி வகையாகப் பட்டியலிடுகிறது. இன்று அப்படிச் சுமார் நூறு கல்லூரிகள் உள்ளன. எந்த இனத்தவரும் அவற்றில் சேரலாம். பல கல்லூரிகள் திருச்சபைகளின் ஆதரவில் பிறந்தவை. டல்லடேகா அவற்றில் ஒன்று.

அது எந்த மண்ணில் எழுந்தது என்பதை அலபாமாவின் 1832-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும். அடிமைக்கோ சுதந்திரமான கறுப்பினத்தவருக்கோ எழுத்துக்கூட்டவோ படிக்கவோ எழுதவோ கற்றுக்கொடுக்க முயன்றால் 250 முதல் 500 டாலர் வரை அபராதம். அந்தக் காலத்தில் அது சாமானியர் கட்டக்கூடிய தொகையே அல்ல. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865-இல், விடுதலை பெற்றவர்கள் மொபைல் நகரில் கூடி, பிள்ளைகளின் படிப்பே முதல் வேலை என்று தீர்மானித்தார்கள். டல்லடேகாவிலிருந்து கூட்டத்துக்குப் போயிருந்த வில்லியம் சேவரி, தாமஸ் டாரன்ட் என்ற இரு முன்னாள் அடிமைகள் ஊர் திரும்பியதும் பள்ளி தொடங்கும் வேலையில் இறங்கினார்கள். பாழடைந்த தச்சுப்பட்டறை ஒன்றின் பலகைகளைப் பெயர்த்து ஓரறைப் பள்ளி எழும்பியது. விடுதலை பெற்றவர்களுக்கு உதவ அரசு அமைத்த துறையின் அதிகாரி, ஜெனரல் வேஜர் ஸ்வேன், துணை நின்றார்.

பிள்ளைகள் குவிந்தார்கள், ஓரறை போதவில்லை. அருகில் வெள்ளையர் பிள்ளைகளுக்காக 1852-53-இல் பாப்டிஸ்டுகள் கட்டிய பெரிய செங்கல் கட்டடம் கடனில் மூழ்கி விற்பனைக்கு வந்தது. ஸ்வேன் எடுத்துச் சொன்னதால், அமெரிக்க மிஷனரி சங்கம் கட்டடத்தையும் சுமார் 20 ஏக்கர் நிலத்தையும் 23,000 டாலருக்கு வாங்கியது. அதைக் கட்டிய கைகள் அடிமைகளின் கைகள். சேவரியும் டாரன்டும் அந்த வேலையில் இருந்தார்கள் என்கிறது கல்லூரியின் வரலாறு. தங்கள் பிள்ளைகள் நுழைய முடியாத பள்ளிக்குக் கல் சுமந்தவர்கள், 1867 நவம்பரில் அதே வாசல் வழியாகப் பிள்ளைகளை அனுப்பினார்கள். முதல் மாணவர்கள் சுமார் 140 பேர். கட்டடத்துக்கு ஸ்வேன் ஹால் என்று பெயர் வந்தது.

1869-இல் கல்லூரிக்கான சாசனம் கிடைத்தாலும், உண்மையான கல்லூரிப் படிப்பு வர இருபதாண்டு ஆயிற்று. எழுத்தறிவிலிருந்து தொடங்க வேண்டிய இடத்தில் வேறு வழியில்லை. முதல் இளங்கலைப் பட்டங்கள் 1895-இல்தான் வழங்கப்பட்டன. 1879-இல் முதல்வரான ஹென்றி ஸ்விஃப்ட் டிஃபாரஸ்ட் வெள்ளையர். கறுப்பினத்தவருக்குக் கற்பித்த குற்றத்துக்காக ஊர் வெள்ளையர்கள் அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைத்தனர். அங்கே வளர்ந்த அவருடைய மகன் லீ டி ஃபாரஸ்ட்தான் பின்னாளில் வானொலியை வளர்த்த மூன்றுமுனை வெற்றிடக் குழாயைக் கண்டுபிடித்தவர். கறுப்பினத்தவர் ஒருவர் முதல்வராக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் இதே வரலாற்றின் பகுதி.

கல்லூரியை வளர்த்த மிஷனரி சங்கத்துக்கு வேர் ஒரு கப்பல் கலகத்தில் இருக்கிறது. 1839-இல் கியூபாவில் ‘அமிஸ்டாட்’ கப்பலில் கொண்டுசெல்லப்பட்ட 53 ஆப்பிரிக்கர்கள் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றினார்கள். அமெரிக்கக் கரையருகே பிடிபட்டார்கள். அவர்களுக்காக வழக்காட எழுந்த குழுவின் தொடர்ச்சியாகவே 1846-இல் சங்கம் உருவானது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் வாதாட, 1841-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

கலகம் நடந்து நூறாண்டு கழித்து, 1939-இல், கல்லூரியின் புதிய சேவரி நூலகத்துக்காக ஹேல் உட்ரஃப் அந்தக் கதையை மூன்று பெரிய ஓவியங்களாக்கினார். மெக்சிகோவில் டியேகோ ரிவேராவிடம் சுவரோவியம் பயின்றவர் அவர். முதல் ஓவியத்தில் கரும்பு வெட்டும் கத்திகள் ஓங்கி நிற்க, கப்பல் தளத்தில் கைகலப்பு. இரண்டாவதில் நீதிமன்றம்: ஒருவன் விரல் நீட்டிக் குற்றம் சாட்டுகிறான், கலகத் தலைவர் சிங்கே அசையாமல் நிற்கிறார். மூன்றாவது, தாய்மண் திரும்புதல். அமெரிக்க ஓவியத்தில் கறுப்பினத்தவர் கெஞ்சுபவர்களாகவே தெரிந்த காலத்தில், உட்ரஃப் அவர்களைத் தம் விடுதலைக்குத் தாமே போராடுபவர்களாகத் தீட்டியது சிறிய துணிச்சல் அல்ல. கல்லூரி தொடங்கிய கதைக்கும் அவர் தனி ஓவியம் வரைந்தார். இந்த ஓவியங்களுக்காக 2020-இல் வளாகத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

சங்கத்தின் காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டண்ட் மரபு இன்று யுனைட்டெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் என்ற திருச்சபையில் தொடர்கிறது. கல்லூரியின் தொடர்பும் அதனோடுதான். மதுரை அமெரிக்கன் கல்லூரியை நிறுவிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி அமைப்பும் இதே மரபைச் சேர்ந்தது. ஆனால் அந்த போர்டு அடிமை முறையை உறுதியாகக் கண்டிக்கவில்லை என்ற அதிருப்திதான் மிஷனரி சங்கம் தனியே பிறக்க ஒரு காரணம்.

அரசுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் டல்லடேகா மிகச் சிறியது. பெரிய அறக்கட்டளை நிதி இல்லாததால் மாணவர் கட்டணம், அரசின் உதவித்தொகை, முன்னாள் மாணவர்களின் நன்கொடை ஆகியவற்றை நம்பியே நடக்கிறது. ஒரு பருவத்தில் சேர்க்கை குறைந்தாலும் வரவுசெலவு ஆட்டம் காணும்.