படத்தைச் சேமிப்பது எப்படி?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

"ஒரு படத்தைச் சேமிப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பொத்தானை அழுத்தினால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே கணிப்பொறி வேலை எதுவானாலும் என்னிடமே வரும். மறைந்த எங்கள் அப்பாயிக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். சட்டத்துக்குள் ஈரம் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கடையில் அதை ஸ்கேன் செய்து வாங்கி வந்து, கறைகளை நீக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் ஒப்படைத்தார். நாள்தோறும் மாலையில் வெளிச்சத்தைக் கூட்டுவேன், குறைப்பேன், ஓரத்தை வெட்டுவேன். பிறகு அதே பெயரில் ஜேபெக் கோப்பாகச் சேமிப்பேன். கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று தரத்தையும் குறைத்து வைத்திருந்தேன். பத்தாம் நாள் பெரிதாக்கிப் பார்த்தபோது, அப்பாயியின் மூக்குத்தியைச் சுற்றிச் சிறுசிறு கட்டங்கள்! ஏன் இப்படி ஆயிற்று?

கணிப்பொறிக்குப் படம் என்பது புள்ளிகளின் கூட்டமே. 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 1,200 × 1,800, அதாவது 21,60,000 புள்ளிகள் கிடைக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட்டுகள். ஆக மொத்தம் 64,80,000 பைட்டுகள். இதை ஏறத்தாழ அப்படியே எழுதி வைப்பது பிஎம்பி கோப்பு. இடம் மிகுதியாகப் பிடிக்கும்.

இந்தச் சுமையைக் குறைக்க 1992ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்டதே ஜேபெக் முறை. இது படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக மாற்றுகிறது. இந்தக் கணித முறையை 1974இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடன் பணியாற்றிய நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் என்பது நாம் பெருமைப்படத்தக்கது. நம் கண் நுண்ணிய மாறுதல்களை அவ்வளவாக உணர்வதில்லை. எனவே அவற்றைக் குறிக்கும் எண்கள் தோராயமாக்கப்படுகின்றன, பல சுழியாகிவிடுகின்றன. கோப்பு சுருங்குகிறது. ஆனால் விட்டது விட்டதுதான், திரும்பி வராது. திருத்தித் திருத்திச் சேமிக்கும்தோறும் இந்தத் தோராயம் மீண்டும் நடக்கிறது. நான் செய்த பிழை இதுவே.

1996இல் வெளிவந்த பிஎன்ஜி முறை வேறு வகை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கக் குறிப்பாக எழுதிக்கொள்ளுமே தவிர, ஒரு புள்ளியையும் இழக்காது. எழுத்து, கையொப்பம், வரைபடம் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. 1987இல் தோன்றிய ஜிஃப் கோப்பின் ஒரு படத்தில் 256 நிறங்களே அடங்கும். சிறு அசைபடங்களுக்குப் பொருந்தும். 1986இல் வந்த டிஃப் அச்சுத் துறையில் பெரிதும் பயன்படுகிறது.

படம் திருத்தும் மென்பொருள்களுக்கெனத் தனிக் கோப்புகளும் உண்டு. கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளுக்கு எக்ஸ்சிஎஃப், ஃபோட்டோஷாப்புக்குப் பிஎஸ்டி. படத்தின் மேல் நாம் செய்யும் திருத்தங்களை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்துக்கொள்ள இவை உதவும். 2012 முதல் கிம்ப்பில் 'சேமி' என்றால் எக்ஸ்சிஎஃப் மட்டுமே. மற்ற வகைகளுக்கு 'ஏற்றுமதி' செய்ய வேண்டும்.

சில ஐயங்களையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்வோம். ஜேபெக் கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ பென் டிரைவில் நகலெடுப்பதாலோ தரம் குறையாது. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றினால் கோப்பின் வகை மாறிவிடாது. கெட்டுப்போன ஜேபெக்கைப் பிஎன்ஜியாக மாற்றினாலும் இழந்தது மீளாது. மேலும் கெடாமல் காக்கலாம், அவ்வளவே.

ஆகவே முதல் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். நகலில் திருத்துங்கள். வேலை முடியும் வரை மென்பொருளின் சொந்தக் கோப்பாகவே சேமியுங்கள். விண்ணப்பங்களுக்குச் சிறிய ஜேபெக் தேவையானால், இறுதியில் ஒரே ஒரு முறை உருவாக்குங்கள்.

நான் இதை அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போது மூலப்படம் கிழிந்துவிட்டது. கடையிலும் கோப்பை அழித்துவிட்டார்கள். என்னிடம் எஞ்சிய படத்தையே அப்பா சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். "நல்லாத்தானே இருக்கு" என்கிறார். எனக்குத்தான் அந்த மூக்குத்தியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஒற்றைப் படம் இருக்கக்கூடும். அதைத் திருத்த உட்காருமுன், முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.