இறால் அறுவடை முடிந்ததா? ஏரேட்டரைக் கழுவாமல் கொட்டகையில் வைக்காதீர்கள்

வடகிழக்கு மழைக்கு முன் இறாலைப் பிடித்து, தண்ணீரை வடித்து, குளத்தைக் காயப் போடும் நேரம் இது. எடை, விலை, வியாபாரி என்று அலைந்து முடிப்பதற்குள் நமக்குத் தெம்பு போய்விடுகிறது. ஏரேட்டர்களைக் கரையில் இழுத்துப் போட்டு, மேலே ஒரு தார்ப்பாயை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். தை, மாசியில் அடுத்த குஞ்சு விட எடுத்தால் ஒன்று சுற்றாது, இன்னொன்று அரை மணி நேரத்தில் காயில் புகைந்துவிடும். "போன கல்ச்சரில் நன்றாகத்தானே ஓடியது?" என்று என்னிடம் கேட்கும் விவசாயிகள் பலர். ஓடும்போது அது கெடவில்லை. சும்மா கிடந்த மூன்று மாதத்தில்தான் கெட்டது.

காரணம் உப்பு. மழை நாளில் அடுப்படியில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்த்துப்போகும். ஏரேட்டரில் ஒட்டியிருக்கும் உப்பும் அப்படித்தான்; இரவில் நீர்க்கும், பகலில் காயும். மெல்லிய உப்பு நீரும் காற்றும் சேர்ந்து படும் இடத்தில் இரும்பு மிக வேகமாக அரிக்கும். போதாததற்குத் தார்ப்பாய்க்கு அடியில் வேர்த்து, அந்த ஈரம் வெளியே போகவும் வழியில்லை.

எனவே கரைக்கு வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை. மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்குங்கள். உப்புத் தண்ணீரில் கசியும் மின்சாரம் இரண்டாவது வாய்ப்புக் கொடுக்காது. ஒயரைக் கழற்றும்போது எந்த பேஸ் எங்கே இருந்தது என்று சிவப்பு, மஞ்சள், நீல டேப் சுற்றி வையுங்கள். அடுத்த முறை இரண்டு ஒயர் மாறினால் இறக்கை எதிர்ப்பக்கம் சுற்றி, கழிவு நடுக்குளத்தில் சேராமல் சிதறும்.

இறக்கையிலும் மிதவையிலும் ஒட்டிய கொட்டலசை ஈரமாக இருக்கும்போதே மரச்சில்லால் சுரண்டிவிடுங்கள். காய்ந்தபின் கத்தி, உளி வைத்தால் மிதவையில் ஓட்டை விழும். கழுவும்போது பிரஷர் பம்பை ஆயில் சீல் பக்கம் பிடிக்காதீர்கள். தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். வெண்புள்ளி நோய் வந்த குளமாக இருந்தால் முதலில் பிளீச்சிங் கரைசலால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். அலசாமல் விட்டால் குளோரின் எவர்சில்வர் சட்டத்தையே அரிக்கும். தொலைந்த போல்ட்டுக்குப் பதில் சாதாரண ஜி.ஐ. போல்ட் போட்டிருந்தால் இப்போதே மாற்றுங்கள். எவர்சில்வரோடு சேர்ந்து உப்பில் கிடக்கும் ஜி.ஐ. போல்ட் சீக்கிரம் கரைந்துவிடும்.

அடுத்தது கியர் பாக்ஸ். "அடுத்த கல்ச்சர் தொடங்கும்போது ஆயில் மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் அதிகம். இது தலைகீழான கணக்கு. பழைய ஆயிலை ஒரு டப்பாவில் வடித்துப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, சீல் போய்விட்டது என்று பொருள். அந்த ஆயிலோடு மூன்று மாதம் வைத்தால் கியர் பல்லும் பேரிங்கும் துருப்பிடித்துவிடும். சீலை மாற்றி, கம்பெனி சொன்ன ஆயிலை இப்போதே அளவாக ஊற்றி வைப்பதுதான் செலவைக் குறைக்கும்.

மோட்டாரை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து 500 வோல்ட் மெக்கரில் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் பாடிக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். குறைந்தால் மூடியைக் கழற்றி, பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு ஓரிரு நாள் உலர்த்தி மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் காயில் கட்டத்தான் வேண்டும். அதை இந்த ஓய்வுக் காலத்தில் செய்வதே நல்லது. குஞ்சு விட்டபின் என்றால் கடையில் உங்களுக்கு முன் பத்துப் பேர் நிற்பார்கள்.

வைக்கும் இடம் பற்றி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டோம். புயல் எச்சரிக்கை வந்தபின் கரையில் கிடப்பதை ஏற்றிக் கொண்டுபோக நேரம் இருக்காது. மேடான இடத்தில், மரக்கட்டைமேல், காற்றோட்டமாக வையுங்கள். மிதவையை வெயில் படாமல் வையுங்கள், இல்லையென்றால் நொறுங்கும். கேபிளைச் சுருட்டி உத்தரத்தில் தொங்கவிடுங்கள், எலிக்கு எட்டாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் இறக்கையைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பேரிங் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது, சீலும் ஒட்டாது. வீட்டுப் பிள்ளைகளிடம்கூட இந்த வேலையை ஒப்படைக்கலாம்.

உப்புத் தண்ணீர் ஏற்றும் பம்பைக் கழற்றுமுன் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட்டி, பிறகு உள்ளே நிற்பதை முழுக்க வடித்துவிடுங்கள். பிஎச் மீட்டரின் முனையை உலர விடக்கூடாது. அதற்கான பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள், வடிநீரில் அல்ல. மீட்டர்களிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் எதற்கு? குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடிவதற்குச் சற்று முன். தொண்ணூறாம் நாள், இறால் நிறைந்து நிற்கும்போது அந்த நேரத்தில் இரண்டு ஏரேட்டர் நின்றால், நீங்கள் மெக்கானிக்கை எழுப்புவதற்குள் இறால் மேலே மிதக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சு வாங்க முன்பணம் கட்டுவதற்கு முன்பே எல்லா ஏரேட்டரையும் தண்ணீரில் இறக்கி, ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். அன்றைக்கே ஜெனரேட்டரையும் ஒரு மணி நேரம் போட்டுவிடுங்கள்.